வைரஸ் காய்ச்சல்: டாக்டர் மருந்தோடு நிலவேம்பு, ஆடாதோடை, கற்பூரவள்ளி குழந்தைக்குக் கொடுக்கும்போது

மழைச்சாரல்
ஐப்பசி மழை பிடிச்சதும் எல்லா வீட்டிலயும் இதே கேள்விதான், அதனால ஒரே இடத்துல கேட்டு வெச்சிடறேன். குழந்தைக்கு 3 வயசு, எடை 12 கிலோ. காய்ச்சல் இரண்டாம் நாள், 101 முதல் 102 வரை. மூக்கு ஒழுகுது, இருமல் இருக்கு. டாக்டர் பார்த்துட்டு வைரஸ் காய்ச்சல்தான்னு பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கார். வீட்டுப் பெரியவங்க நிலவேம்புக் குடிநீர், கற்பூரவள்ளிச் சாறு, நெஞ்சுக்குச் சூடம் காய்ச்சின தேங்காய் எண்ணெய்னு மூணு சொல்றாங்க. எதை எவ்வளவு சேர்க்கலாம், எதைத் தொடவே கூடாது? "கொடுக்காதீங்க"ன்னு ஒத்தை வரியில முடிக்காம காரணத்தோட சொல்லுங்க.

குழந்தைநலன்_மதுரை
காரணத்தோடவே சொல்கிறேன். சாதாரண வைரஸ் காய்ச்சலில் வைரஸைக் கொல்லும் மருந்து எங்களிடமும் இல்லை. உடம்பு தானாக வென்றுவிடும். அதுவரை காய்ச்சலின் வேதனையைக் குறைப்பது, நீர்ச்சத்தைக் காப்பது, ஆபத்து வந்தால் உடனே கண்டுபிடிப்பது, இந்த மூன்றுதான் சிகிச்சை. அதனால் எந்த மூலிகையைப் பற்றியும் நான் கேட்பது மூன்று கேள்வி. குழந்தை குடிக்க வேண்டிய தண்ணீரின் இடத்தை இது பிடித்துக்கொள்கிறதா? நாம் கவனிக்க வேண்டிய அறிகுறியை மறைக்கிறதா, அல்லது அந்த அறிகுறியைப் போலவே ஒன்றை உண்டாக்குகிறதா? நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் அளவாகக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை.

முதலில் பாராசிட்டமாலைச் சரி செய்துகொள்ளுங்கள், அதிகத் தவறு அங்கேதான். அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 100.4 தாண்டினாலே ஓடி ஓடிக் கொடுக்கத் தேவையில்லை. குழந்தை துவண்டு, சிணுங்கி, குடிக்க மறுத்தால் கொடுங்கள்.

மருந்தாளுநர்_கரூர்
டாக்டர் சொன்ன 180 மில்லிகிராமை மில்லியாக மாற்றும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கடையில் மூன்று விதம் இருக்கிறது:

5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி.
5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி.
1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மில்லி.

பழைய பாட்டில் 120, புதிதாக வாங்கியது 250. பழக்கத்தில் 7.5 மில்லி ஊற்றினால் 375 மி.கி. உள்ளே போகிறது, இரண்டு மடங்குக்கு மேல். நான்கு வேளையும் இப்படியே போனால் கல்லீரல் தாங்காது. பாட்டிலின் முன்பக்கப் பெயரைப் பார்க்காதீர்கள், "ஒவ்வொரு 5 மில்லியிலும்" என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விட வசதி.

இன்னொன்று. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் என்ற காய்ச்சல் மருந்துகள் இரண்டும் வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளின் வைரஸ் காய்ச்சலில் எப்போதுமே வேண்டாம், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய்ஸ் சிண்ட்ரோம் வரலாம். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011இலேயே தடை செய்யப்பட்டது. வீட்டு டப்பாவில் பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரை கிடந்தால் அதை உடைத்துக் கொடுக்க நினைக்காதீர்கள்.

பொதிகைமூலிகை
சித்த மருத்துவன் என்ற முறையில் நிலவேம்புக்கு வருகிறேன். இது தனி இலை அல்ல, ஒன்பது சரக்கு சேர்ந்த குடிநீர்ச் சூரணம்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். எல்லாம் சம எடை. நிலவேம்பை மட்டும் வாங்கி இடித்துக் காய்ச்சினால் அது இந்தக் குடிநீர் ஆகாது. கசப்பும் வயிற்றைப் புரட்டுவதும்தான் மிஞ்சும்.

சூரணம் கரகரப்பாக இருக்க வேண்டும். மாவாக அரைத்தது வடிகட்டியில் நிற்காது, அடியில் தங்கும் கசடைக் குழந்தை குடித்தால் உடனே குமட்டும். 5 கிராம் சூரணம், 200 மில்லி தண்ணீர், எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம். சிறு தீயில் 50 மில்லியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். அலுமினியப் பாத்திரமும் பிரஷர் குக்கரும் வேண்டாம். காய்ச்சிய 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி மாலைவரை கொடுப்பது தவறு. ஆறிய கஷாயத்தில் கிருமி வளரும். மறுபடி கொதிக்கவைத்தால் சாரம் இறுகிக் கசப்பு கூடும்.

அளவில் நான் கைக்கொள்வது: ஒரு வயதுக்குக் கீழ் கிடையாது. 1 முதல் 5 வயதுவரை ஒரு வேளைக்கு 10 மில்லி, 5 முதல் 12 வரை 30 மில்லி. நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள். அதற்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனை, நான்காம் நாள் குடிநீர் அல்ல.

சூரணத்தைத் தமிழ்நாடு அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ் போன்ற உரிமம் பெற்ற இடத்தில் தயாரித்ததாக வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத உதிரிப் பொட்டலம் வேண்டாம். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு உண்டு, அங்கே இலவசமாகவே கிடைக்கும்.

நீலமணி
2012ல டெங்கு வந்தப்போ அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்பு இலைச்சாறு மூணையும் கொடுக்கச் சொல்லிச்சே? அப்புறம் 2017ல அதே நிலவேம்பு மேல பெரிய சர்ச்சை. பெத்தவங்க எதை நம்பறது?

பொதிகைமூலிகை
நியாயமான கேள்வி. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் நிலவேம்புக் குடிநீர் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆய்வு வந்திருக்கிறது. செல்லில் கண்டதைக் குழந்தையின் உடம்புக்கு அப்படியே சொல்ல முடியாது. டெங்கு அதிர்ச்சி நிலையை இது தடுக்கும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. காய்ச்சல் நாட்களில் உடல்வலி, வாய்க்கசப்பு, பசியின்மைக்கு எங்கள் மருத்துவம் இதைச் சொல்கிறது. துணை மருந்தாக, அந்த எல்லைக்குள் வைத்தால் சர்ச்சைக்கே இடமில்லை. "இதைக் குடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்" என்று ஒருவர் சொல்லும் இடத்தில்தான் பிரச்சினை தொடங்குகிறது. அப்படிச் சொல்பவர் சித்த மருத்துவராகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

குழந்தைநலன்_மதுரை
மேலே சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது டெங்குவின் நாட்கணக்கு.

காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் நாள். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். ஆபத்துக் கட்டம் தொடங்குவது அப்போதுதான், அடுத்த 24 முதல் 48 மணி நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும், ரத்த அழுத்தம் சரியும். இப்போது யோசியுங்கள். இரண்டாம் நாள் நிலவேம்பு தொடங்கினீர்கள், நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. "கேட்டுவிட்டது" என்று வீடே நிம்மதியாகிறது, பரிசோதனை தள்ளிப்போகிறது. குடிநீர் நேரடியாக ஒரு தீங்கும் செய்யவில்லை. அது கொடுத்த நிம்மதிதான் ஆபத்து. நான் பயப்படுவது கசப்பு மருந்துக்கு அல்ல, இதற்கு.

ஆகவே மழைக்காலத்தில், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் இவற்றைப் பாருங்கள்: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பு மலம், அசாதாரணத் தூக்கம் அல்லது ஓயாத அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி, நள்ளிரவானாலும். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனை (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுவது), அதன் பிறகு ஐஜிஎம் (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது). கூடவே ரத்த அணு எண்ணிக்கை. எல்லோரும் தட்டணுவை (பிளேட்லெட்) மட்டும் கேட்கிறார்கள். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்பதையும் கேளுங்கள், நீர் கசிவதைக் காட்டுவது அதுதான்.

நீலமணி
அப்போ பப்பாளி இலைச்சாறு? தட்டணு ஏறுதுன்னு ஆய்வே இருக்குன்னு சொல்றாங்க.

குழந்தைநலன்_மதுரை
தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் சரிவது தட்டணு குறைவதால் அல்ல, நீர் கசிவதால். டெங்கு தணியும்போது தட்டணு தானாகவே ஏறும். இன்னொரு பக்கம், அரைத்துப் பிழிந்த பச்சை இலைச்சாற்றைக் குடித்த குழந்தைகளில் நிறையப் பேர் வாந்தி எடுக்கிறார்கள். நிற்காத வாந்தி டெங்குவின் எச்சரிக்கை அறிகுறி. இலையால் வந்த வாந்தியா, கசிவால் வந்த வாந்தியா என்று தாயாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. அனுமதித்துக் கண்காணிக்க வேண்டியதாகிறது. சிறு குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்வது இதற்காக.

செவிலி_தஞ்சை
நீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், இதுதான் வீட்டுல செய்யற பெரிய வைத்தியம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு நாள் தேவை சுமார் 1,100 மில்லி. முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, மீதி 2 கிலோவுக்கு கிலோவுக்கு 50. பால், கஞ்சி, இளநீர், ரசம், மோர் எல்லாம் இதுல சேரும். ஒரே மூச்சில டம்ளர் நிறையக் கொடுத்தா வாந்தி வரும். 5 நிமிஷத்துக்கு ஒரு தரம் 10 மில்லி, சிரிஞ்சுலயோ சங்கடையிலயோ. ஒரு மணி நேரத்துல 120 மில்லி போயிடும்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பெரிய பொட்டலம் ஒண்ணுக்கு 1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் வருது, மேல போட்டிருக்கற அளவைப் பார்த்துக் கலக்குங்க. பாதிப் பொட்டலத்தை அரை லிட்டர்ல கலக்கறேன்னு கண்ணளவுல பிரிக்காதீங்க, உப்பு ஏறிடும். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. கடையில அட்டைப் பெட்டியில வர்ற இனிப்புப் பானம் ஓஆர்எஸ் கிடையாது. அந்தப் பேரையே போட்டு விக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உத்தரவு போட்டுச்சு.

கஷாயம் கொடுக்கற வீடுகள்ல நடக்கறது என்னன்னா, ரெண்டு தரம் கசப்பைக் குடிச்ச குழந்தை அப்புறம் டம்ளரைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கும். தண்ணியும் போகாது. அப்படி ஆரம்பிச்சிட்டா கஷாயத்தை அன்னைக்கே விட்டுடுங்க. 10 மில்லி குடிநீருக்காக 1,100 மில்லியை இழக்கக் கூடாது. கசப்பைச் சிரிஞ்சுல, தண்ணியை வழக்கமான டம்ளர்லன்னு பிரிச்சு வெச்சாலும் உதவும்.

மழைச்சாரல்
நன்றிக்கா. பாராசிட்டமாலும் குடிநீரும் எவ்வளவு நேரம் விட்டுக் கொடுக்கணும்?

மருந்தாளுநர்_கரூர்
பாராசிட்டமால் முதலில், குடிநீர் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து. இரண்டும் வயிற்றில் மோதும் என்பதற்காக அல்ல. பாராசிட்டமால் கொடுத்த 15 நிமிடத்துக்குள் முழுவதும் வாந்தியாகிவிட்டால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் கொடுக்கக் கூடாது, உள்ளே போயிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து குழந்தை வாந்தி எடுத்தால், எது வெளியே வந்தது என்று தெரியாது. இரண்டாவது வேளை கொடுத்து அளவு கூடிப்போவது இப்படித்தான்.

வேறு மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வலிப்புக்கு ஃபெனிடோயின் அல்லது கார்பமசெபின் எடுக்கும் குழந்தைக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் ரத்தத்தில் இந்த மருந்துகளின் அளவை ஏற்றும். ரசத்தில் போடும் மிளகு பிரச்சினை இல்லை, சூரணமாக நாள்தோறும் கொடுப்பதுதான் பிரச்சினை. அதிமதுரம் நாட்கணக்கில் கொடுத்தால் உடலில் பொட்டாசியம் குறையும். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு அது இன்னும் ஆபத்து.

வேப்பங்கொழுந்து
இருமலுக்கு வாங்க. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிறகு (அந்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது) சிரப் என்றாலே பயந்து நிறையப் பேர் முழுக்கக் கைவைத்தியத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. பிள்ளைகள் போன செய்தி இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. ஆனால் கைவைத்தியத்துக்கும் அளவு உண்டு.

கற்பூரவள்ளி என்கிற ஓமவல்லி: நடுத்தர இலை இரண்டு, நன்றாகக் கழுவி, தணலில் வாட்டி, சூடு ஆறியதும் பிழிந்தால் ஒரு டீஸ்பூன் சாறு வரும். 2 வயதுக்கு மேல் அரை டீஸ்பூன் போதும், தேன் கலந்து, நாளுக்கு ஒரு முறை. வாட்டாமல் பிழிந்தால் காரம் தொண்டையில் எரிந்து இருமல் கூடும்.

தூதுவளை: இலையின் அடிப்பக்க நடுநரம்பில் வளைந்த சிறு முள் இருக்கும். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பிடித்து, காம்பிலிருந்து நுனிவரை அந்த நரம்பையே கிள்ளி எடுக்க வேண்டும். மிக்ஸியில் முள்ளும் அரைபட்டுவிடும் என்று விடுகிறார்கள், அது அரைபடாது, தொண்டையில் குத்தும். நெய்யில் வதக்கி ரசமாகவோ துவையலாகவோ சோற்றோடு கொடுப்பது குழந்தைக்குச் சுலபம்.

துளசி நாலைந்து இலையை வெந்நீரில் போட்டு ஆற்றிக் கொடுக்கலாம். அதில் இனிப்புக்குப் பனங்கற்கண்டு.

குழந்தைநலன்_மதுரை
தேனைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும்கூட. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறுதல், தலை நிற்காமை என்று தொடங்கி மூச்சு நிற்பதுவரை போகும். வீட்டில் கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது. "சுத்தமான மலைத்தேன்" என்பதால் எந்த விலக்கும் இல்லை.

ஒரு வயதுக்கு மேல் நிலைமை நேர் எதிர். படுக்கப் போகும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் இரவு இருமலைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. இருமல் சிரப்களைவிட நான் இதைத்தான் விரும்புகிறேன். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. இதற்கு வயது வரம்பே இல்லை.

மருந்தாளுநர்_கரூர்
ஆடாதோடை பற்றி ஒரு தகவல். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சினும், அதிலிருந்து ஆம்புரோக்சாலும் வந்தன. டாக்டர் எழுதிய சளி சிரப்பில் ஆம்புரோக்சால் இருக்கும்போது ஆடாதோடை மணப்பாகும் (சித்த மருந்து சிரப்) கொடுத்தால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. குழந்தைக்குச் சளி மேலும் இளகும், அதை வெளியே துப்பத் தெரியாது, வாந்தி எடுக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

பொதிகைமூலிகை
உண்மை. மணப்பாகு பெரும்பங்கு சர்க்கரை என்பதையும் நினைவில் வையுங்கள், கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வைக்கவும். இழுப்பு உள்ள குழந்தைக்கு இன்ஹேலரை நிறுத்திவிட்டு ஆடாதோடைக்கு மாறுவதை எந்த முறையான சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இன்னொன்றும் என் பக்கத்திலிருந்தே வர வேண்டும். ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசத் தாது) சேர்ந்த மாத்திரைகள், உலோகம், தாதுக்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் இவற்றைச் சளிக் காய்ச்சலுக்காகக் குழந்தைக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். லேபிளில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், பட்டியலே இல்லாத கறுப்பு உருண்டையை வாங்காதீர்கள். உரை மருந்தும் கவனம். வசம்பு, ஜாதிக்காய் இரண்டும் மந்தமாக்கும். காய்ச்சல் குழந்தைக்கு ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தால் மருந்தால் தூங்குகிறதா, நோயால் துவண்டு கிடக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. காய்ச்சல் நாட்களில் உரை மருந்தை அப்படியே நிறுத்துங்கள்.

மழைச்சாரல்
சூடம் எண்ணெய் பத்தி யாரும் சொல்லலையே. அதைத்தான் தினமும் தடவச் சொல்றாங்க.

குழந்தைநலன்_மதுரை
2 வயதுக்குக் கீழ் சூடமும் வேண்டாம், சூடம் கலந்த தைலமும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், முக்கியமாகக் குழந்தையின் மெல்லிய தோலில். வாய்க்குள் போனால் ஒரு கிராமுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து, சிறிது நேரத்திலேயே வலிப்பு வரும். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் காய்ச்சல் வலிப்பா, சூட வலிப்பா, மூளைக்காய்ச்சலா என்று தேட வேண்டியிருக்கும், முதுகுத்தண்டு நீர்வரை பரிசோதிக்க வேண்டிவரும். உங்கள் 3 வயதுக் குழந்தைக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. வெறும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகத் தேயுங்கள், கிடைக்கும் சுகம் அந்தக் கைச்சூட்டில்தான். மூக்குக்குக் கீழே எதுவும் தடவாதீர்கள். நீலகிரித் தைலமும் இதே கணக்கு, அதைக் குடித்துவிட்ட குழந்தைக்கும் வலிப்பு வரும். பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது இரண்டும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அதை இருமி வெளியேற்ற முடியாது. அங்கேயே தங்கி எண்ணெய் நிமோனியா ஆகும், ஆண்டிபயாட்டிக்குக்கும் அசையாது. ஆவி பிடிக்கவைப்பதும் வேண்டாம், வெந்நீர் கொட்டி வெந்துபோகும் ஆபத்து உண்டு.

செவிலி_தஞ்சை
மூச்சை எண்ணத் தெரிஞ்சுக்கோங்க, எந்தக் கருவியும் வேண்டாம். குழந்தை அழாம, பால் குடிக்காம இருக்கறப்போ சட்டையைத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்கறதை முழு ஒரு நிமிஷம் எண்ணணும். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது. 2 மாசத்துக்குக் கீழ 60, 2 மாசத்துலேர்ந்து 1 வயசுக்குள்ள 50, 1 முதல் 5 வயசுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழ உள்வாங்கினாலோ கஷாயம் காய்ச்ச அடுப்பைப் பத்த வைக்காதீங்க, கிளம்பிடுங்க. 3 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு 100.4 காய்ச்சல்னாலே நேரா ஆஸ்பத்திரிதான். 6 மாசம்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது, மூலிகைத் தண்ணியும் இதுல அடக்கம்.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில விரல், ஸ்பூன், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். கையில சாவி கொடுக்கறதுல நேரம் போகும். மணியைப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 108.

வேப்பங்கொழுந்து
அம்மை பற்றியும் இங்கேயே பேசிவிடலாம். பங்குனி, சித்திரையில் இந்த இழையைத் தேடி வருவார்கள்.

சின்னம்மையில் வேப்பிலைப் படுக்கை, இளநீர், தயிர்ச்சோறு, வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய நீரில் உடம்பு துடைப்பது எல்லாம் குழந்தைக்குச் சுகமே. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வீட்டைச் சுத்தமாக வைப்பதும், வெளியாரை உள்ளே விடாததும் தொற்றைத் தடுக்கும் நல்ல பழக்கம். மூன்று இடத்தில் மட்டும் மாற்றம் வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை உடைந்த கொப்புளத்தில் பூசக் கூடாது, அரைத்த கல்லின் அழுக்கும் கிருமியும் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளிக்காமல் அழுக்கோடு விடுவதும் அதையே செய்யும். வலிப்பு, ஆஸ்துமா போன்றவற்றுக்கு ஏற்கெனவே எடுக்கும் மருந்தை "அம்மை இருக்கும்போது மருந்து கூடாது" என்று நிறுத்தவே கூடாது.

வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் கொடுத்து, சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வேக மூச்சு, வலிப்பு வந்ததை 1981இலேயே அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இலை வேறு, கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் வேறு.

குழந்தைநலன்_மதுரை
சேர்க்க வேண்டியவை: சின்னம்மையில் இபுபுரூஃபன் வேண்டாம், தோலில் கடும் பாக்டீரியாத் தொற்றுக்கு வழிவகுக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஒரே வீட்டில் இரண்டாவதாக வரும் குழந்தைக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் கொப்புளம் கடுமையாக வரும். கொப்புளம் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வந்தால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து பயன் தரும், ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிவிட்டு வந்தால் காலம் கடந்துவிடும். வீட்டில் கர்ப்பிணியோ பச்சைக்குழந்தையோ இருந்தால் அன்றே சொல்லுங்கள். எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும்வரை தொற்றும்.

தட்டம்மை வேறு நோய். காய்ச்சல், கண் சிவப்பு, இருமலோடு முகத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு. அதற்கு வைட்டமின் ஏ அவசியம், இரண்டு நாள், நாளுக்கு ஒரு முறை: 6 மாதத்துக்குக் கீழ் 50,000 அலகு, 6 முதல் 11 மாதம்வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். பார்வையையும் உயிரையும் காப்பது அது. எந்த இலையும் அதற்கு ஈடில்லை.

நீலமணி
கபசுரக் குடிநீர்? கொரோனா சமயத்துல வாங்கினது நிறைய மிச்சம் இருக்கு.

பொதிகைமூலிகை
2020இல் வாங்கியதா? கொட்டிவிடுங்கள். சூரணம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். புதிதாக வாங்கினாலும் அதில் 15 சரக்கு. திப்பிலி, இலவங்கம், அக்கிரகாரம் போன்ற காரச் சரக்குகள் சிறு குழந்தையின் வயிற்றை எரிக்கும். 5 வயதுக்குக் கீழ் நான் கொடுப்பதில்லை. இரண்டு குடிநீரையும் ஒன்றாகக் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது எந்த முறையிலும் இல்லை.

செவிலி_தஞ்சை
டாக்டர்கிட்ட போறப்போ கஷாயம் கொடுத்ததை மறைக்காதீங்க. திட்டுவாங்கன்னு பயந்து சொல்லாம விடறாங்க, அப்புறம் வாந்திக்குக் காரணம் தேடிக் குழந்தைக்கு நாலு ஊசி கூடுதலா விழும். ஒரு தாள்ல இப்படி எழுதி எடுத்துட்டு வாங்க:

3ஆம் நாள்
6.10: 101.8, பாராசிட்டமால் (250) 3.6 மில்லி
7.30: நிலவேம்புக் குடிநீர் 10 மில்லி
7.40: வாந்தி, கசப்புத் தண்ணி மட்டும்
8.00 – 9.00: ஓஆர்எஸ் 110 மில்லி, நின்னுச்சு
9.20: சிறுநீர், வெளிர் மஞ்சள்
10.00: மூச்சு 32

இவ்வளவு இருந்தா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். கிராமத்துல ராத்திரி சந்தேகம் வந்தா அரசாங்க மருத்துவ ஆலோசனை எண் 104க்கும் கூப்பிட்டுக் கேக்கலாம்.

மழைச்சாரல்
எல்லாருக்கும் நன்றி. சூடம் எண்ணெயை நிறுத்தியாச்சு. நாளைக்குக் காலையில மூணாம் நாள், ரத்தப் பரிசோதனை எடுக்கப் போறோம். என்எஸ்1ஓட ஹீமட்டோகிரிட்டும் கேக்கறேன். கடைசியா ஒண்ணு: பரிசோதனைக்குப் போறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல இருக்கணுமா?

குழந்தைநலன்_மதுரை
வேண்டாம். இந்த இரண்டு பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. கஞ்சி குடிக்கவைத்தே அழைத்துப் போங்கள், நீர் ஏறியிருந்தால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும். காலைக் குடிநீரை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள், போகிற வழியில் வாந்தி எடுத்தால் அதன் காரணம் தெளிவாக இருக்கட்டும்.